சுண்டாத கயிறு

காத்து மட்டும் எவனையும் கேக்காம அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்துக்கிட்டு இருந்த காலத்துல, இந்த முனைவலசையில ரெண்டு மச்சான்மார் இருந்தாங்களாம்.

மாப்பிள்ளை வீட்டாரே, இப்படி நெருங்கி வாங்க. சாப்பாடு வர நேரம் கிடக்கு. இப்பத்தான் உங்க வீட்டுப் புள்ளை கயித்தோட ஒரு முனையைக் கையில வாங்கினாரு. வாங்கின கையோட எங்க பொண்ணோட அண்ணன் வெடுக்குனு இழுத்தான். தலைப்பாகை ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம். நீங்க சிரிச்சீங்க. சிரிக்கலாம், தப்பில்ல. ஆனா உங்கள்ல ஒருத்தர், "என்னய்யா ஊரு இது, வந்த மாப்பிள்ளையைக் குப்புறத் தள்ளுறீங்க"ன்னு கேட்டாரு. கேட்டதுக்குப் பதில் சொல்லணுமில்ல. கேளுங்க.

ரெண்டு மச்சான்மார். ஒருத்தர் பேரு சேகு நெய்னா. முத்துக்குளிக்கிறவர். இன்னொருத்தர் கலந்தர் மீரா. அவருக்குக் கயிறு பிடிக்கிறவர். கலந்தரோட தங்கச்சி ஆமினாவைத்தான் சேகு நெய்னா கட்டியிருந்தாரு.

கயிறு பிடிக்கிறதுன்னா சும்மா இல்ல. முத்துக்குளிக்கிறவன் கடலுக்குள்ள போறப்ப அவன் இடுப்புக் கயித்தோட மறுமுனை தோணியில ஒருத்தன் கையில இருக்கணும். யாரு கையில? அண்ணன் தம்பி கையில குடுக்கமாட்டாங்க. அண்ணன் தம்பிக்குள்ள பாகப்பிரிவினை இருக்கு. சிநேகிதன் கையிலயும் இல்ல. சிநேகிதனுக்கு என்ன நட்டம்? நாலு நாள் அழுவான். பொண்டாட்டியோட கூடப்பொறந்தவன் கையிலதான் குடுப்பாங்க. மச்சான் கையில. கயித்தை விட்டா அந்து விழறது தன் தங்கச்சி கழுத்துத் தாலிக் கருகமணி. அதனால விடமாட்டான். இந்தக் கடக்கரை பூரா அதான் வழக்கம்.

இழுக்கிறதுக்கும் ஒரு சட்டம் இருந்துச்சு. கீழ இருக்கிறவன் கயித்தை ஒரு சுண்டு சுண்டுவான். சுண்டினா இழு. சுண்டலையா, இழுக்காதே. கலந்தரோட வாப்பா செத்துப்போற வரைக்கும் சொல்லுவாராம்: "சுண்டாம இழுக்கிறதும் கொலை. சுண்டினப்புறம் இழுக்காததும் கொலை." ஏன்னா, கீழ போனவன் கால் பாறை இடுக்குல இருக்கும், கை சிப்பியில இருக்கும். மேல இருக்கிறவனுக்கு என்ன தெரியும்? ஒருதரம் எவனோ அவசரப்பட்டு இழுத்தான், ஆளு வந்தாரு, ஒரு கால் வரலைன்னு சொல்லுவாங்க.

அப்ப, ஒரு காலம் வந்துச்சு. கடல்ல சிப்பி இல்ல. ஒரு வருஷம் இல்ல, மறுவருஷமும் இல்ல, அதுக்கு மறுவருஷமும் இல்ல. முத்துக்குளிக்கிறவன் வீட்டுல அடுப்பு எரியல. அந்த நேரம் பார்த்து பம்பாயிலேர்ந்து ஒரு கங்காணி வந்தானாம்.

"அரபுக்கரையில ஒரு தீவு இருக்கு. பூராவும் செங்காவி மண்ணு. வெட்டிச் சாக்குல கட்டினாப் போதும். மூச்சடக்க வேண்டியதில்ல, சுறாவுக்குப் பயப்பட வேண்டியதில்ல."

"அந்த மண்ணை வச்சு என்ன பண்ணுவான்?"ன்னு சேகு நெய்னா கேட்டாராம்.

"கப்பலோட அடிவயித்துக்குப் பூசுவான். துருப்பிடிக்காது."

"அடேயப்பா, கப்பலுக்கு மருதாணியா!"

அந்த மாதிரி ஆளு சேகு நெய்னா. எதுலயும் ஒரு கேலி. கலந்தர் அப்படி இல்ல. பத்து வார்த்தை கேட்டா ஒரு வார்த்தை பேசுவாராம்.

பொறப்படுற அன்னைக்கு ஆமினா அந்தக் கயித்தைச் சுருட்டிக் கொண்டுவந்து காக்கா, அதான் அண்ணன், கையில குடுத்தாளாம்.

"மண்ணு வெட்டப் போற எடத்துல கயிறு எதுக்கு?"ன்னாரு சேகு நெய்னா. "மச்சான், ஒன் தங்கச்சி என்னை ஆடுன்னு நெனச்சுட்டா."

"ஆடாவது அந்தி சாய்ஞ்சா வீடு வந்து சேரும்,"னாளாம் ஆமினா. பிறகு அண்ணனைப் பார்த்து, "காக்கா, இது ஒன் கையிலயே இருக்கட்டும்"னாளாம்.

"இருக்கும்,"னாரு கலந்தர்.

அவ்வளவுதான் பேச்சு. ஊரு ஆளுங்க முப்பது பேருக்கு மேல சேர்ந்து போனாங்க.

அந்தத் தீவுக்கு அரபியில ஏதோ பேரு. நம்ம ஆளுங்க செந்தீவுன்னாங்க. மலை சிவப்பு, மணல் சிவப்பு, அலை வந்து போற எடம்கூட வெத்தல துப்பின மாதிரி சிவப்பு. உடம்பு சிவந்துபோச்சு, துணி சிவந்துபோச்சு. தொழுறதுக்கு முன்னால கைகால் கழுவி ஒளு செய்யத் தண்ணி பத்தாம மண்ணைத் தொட்டு முகத்துல தடவித் தொழுவாங்களாம். தொழுதுட்டு எந்திரிச்சா ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் தெரியாதாம். குடிக்கிற தண்ணி அக்கரையிலேர்ந்து தோணியில வரும். தீவுல ஒரு சொட்டு கிடையாது. அங்க ஒரு வயசான காவக்காரர் இருந்தாரு, சாலிம்னு பேரு. அவரும் ஒரு காலத்துல முத்துத்தோணியில கயிறு பிடிச்சவர். கலந்தர் தோள்ல கயித்தைப் பார்த்ததும் ஒண்ணும் கேக்காம தன் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாராம். ரெண்டு பேரு கையிலயும் ஒரே காய்ப்பு. அதுக்கப்புறம் பாஷை எதுக்கு?

சரி, அந்தத் தீவு யாருது? அங்கதான் வினை.

தீவு ஒரு ஷேக்குக்குச் சொந்தம். கடலோரத்துல சின்ன ஊரு, ஒரு கோட்டை, ரெண்டு பீரங்கி, ரெண்டும் வெடிக்காது. அந்த ஷேக்கு செங்காவி வெட்டுற உரிமையைத் தன் ஊரு வியாபாரிங்க மூணு பேருக்குக் குடுத்தாரு. அதுல ஒருத்தர் கொண்டுபோய் ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு வித்துட்டாரு. அது தெரிஞ்சதும் இங்கிலீஷ்காரன் கப்பல்ல வந்து எறங்கிட்டான்.

"ஷேக்கே, எங்களைக் கேக்காம வேற வெள்ளைக்காரனுக்கு ஒரு பிடி மண்ணு தரமாட்டோம்னு ஒங்க பாட்டனார் எழுதிக் குடுத்தாரா இல்லையா?"

"குடுத்தாரு."

"அப்ப இந்த உரிமையை ரத்துப் பண்ணுங்க."

"பண்ணிட்டேன்."

அவன் போனதும் ஜெர்மன்காரன் வந்தான்.

"ஷேக்கே, குடுத்தது குடுத்ததுதானே?"

"குடுத்தது குடுத்ததுதான்."

பக்கத்துல இருந்த மகன் கேட்டானாம், "வாப்பா, ரெண்டு பேருக்கும் ஆமான்னு சொல்றீங்களே, நாளைக்கு என்ன ஆகும்?" ஷேக்கு சொன்னாராம், "மகனே, கப்பல் வச்சிருக்கிறவன் இல்லைன்னு சொல்லுவான். நம்மகிட்ட இருக்கிறது ஒரே ஒரு ஆமாம். அதைத்தான் ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிச் சுடணும்."

பாவம், அவரு மேலயும் குத்தம் சொல்ல முடியல.

இப்ப ரெண்டு ராஜாங்கமும் கடுதாசியில சண்டை போட ஆரம்பிச்சுது. லண்டன்ல ஒருத்தன் எழுதுவான், பெர்லின்ல ஒருத்தன் பதில் எழுதுவான். அதுல ஒரு பேச்சு வந்துச்சாம்: தீவுல வேலை நடந்துக்கிட்டே இருந்தா ஜெர்மன்காரன் உரிமை உசுரோட இருக்கு. வேலை நின்னுபோச்சுன்னா உரிமையும் செத்துப்போச்சு. அவ்வளவு தூரத்துல உக்காந்து பேசினவங்க பேச்சு, கடைசியில எங்க வந்து நின்னுச்சு தெரியுமா? நம்ம ஆளு கையில இருந்த மம்பட்டியில.

தீவுல கம்பெனிக்காக ஒரு ஜெர்மன்காரன் இருந்தான். நம்ம ஆளுங்க வச்ச பேரு காவித்துரை. அவன் வந்து தனக்குத் தெரிஞ்ச தமிழ்ல சொன்னான், "நிறுத்தாதீங்க. நிறுத்தினா ஊருக்குப் போகக் கப்பல் இல்ல."

மறுநாள் இங்கிலீஷ் கப்பல்லேர்ந்து ஒரு படகு வந்துச்சு. அதுல வந்தவன் கப்பல்துரை. கூட ஒரு துபாஷி, நாகப்பட்டினத்துக்காரன், தொரை பேச்சைத் தமிழ்ல சொல்றவன். துபாஷி கரையில ஏறி நின்னு சத்தம் போட்டான், "எல்லாரும் கேட்டுக்கங்க! இனிமே ஒரு மம்பட்டி மண்ணுல படக்கூடாது. பட்டா ஊருக்குப் போகக் கப்பல் இல்ல!"

சேகு நெய்னா கேட்டாராம், "அய்யா துபாஷி, வெட்டாட்டி கப்பல் இல்லேன்னு அவரு சொல்றாரு. வெட்டினாக் கப்பல் இல்லேன்னு நீங்க சொல்றீங்க. மம்பட்டியை அந்தரத்துல பிடிச்சுக்கிட்டு நின்னா எத்தனை பேருக்குக் கப்பல் உண்டு?"

எல்லாரும் சிரிச்சாங்களாம். அந்தத் தீவுல நம்ம ஆளுங்க சிரிச்சது அதான் கடைசி.

ஏன்னா, மறுநாள் தண்ணித்தோணி வரல. இங்கிலீஷ் கப்பல் வழியை மறிச்சு நின்னுடுச்சு. தண்ணியை மறிக்கணும்னு இல்லையாம், தோணியில கம்பெனி சாமான் வருதுன்னு மறிச்சாங்களாம். ஆனா தண்ணியும் அந்தத் தோணியிலதானே வரணும். பீப்பாயில இருந்ததைச் சிரட்டையில அளந்து குடிச்சாங்க. பொறவு நாக்கை மட்டும் நனைச்சாங்க. பக்கீர் ராவுத்தர்னு ஒரு பெரியவர், நாக்கு தடிச்சு, பேச்சு போயி, மவுத்தாயிட்டாரு. அவரைக் குளிப்பாட்டவும் தண்ணி இல்ல. மண்ணைத் தடவித்தான் அடக்கினாங்க.

அப்பத்தான் சாலிம் கலந்தரைக் கூட்டிப்போய் ஒரு எடத்தைக் காட்டினாராம். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளம். சைகையும் ரெண்டொரு தமிழ் வார்த்தையுமா அவரு புரியவச்சது இதுதான்: "இங்க ஷேக்கோட பாட்டன் காலத்துல ஒரு கெணறு இருந்துச்சு, தூந்துபோச்சு. ஆடு இன்னும் இங்கதான் வந்து காலால சீய்க்குது. தோண்டினாத் தண்ணி உண்டு. ஆனா பொலபொல மண்ணு. பக்கத்துல அண்டை, அதான் முட்டு, கொடுக்காம எறங்கினா மூடிக்கும்."

அண்டை கொடுக்க என்ன இருக்கு? மரம் இல்ல, பலகை இல்ல. செங்காவி கட்டின மூட்டை இருந்துச்சு, மலைமலையா. அதை உருட்டிக் கொண்டுவந்து சுத்தி அடுக்கினா மண்ணு சரியாது. கலந்தர் காவித்துரைகிட்டப் போய்க் கேட்டாரு.

காவித்துரை தலையை ஆட்டினான். "அந்த மூட்டையெல்லாம் வழக்குல இருக்கு. ஒரு மூட்டை எடம் மாறினாலும் நாங்க வெட்டி வச்ச கணக்கு கெட்டுப்போகும். தொடக்கூடாது."

துபாஷியைக் கையசைச்சுக் கூப்பிட்டுக் கப்பல்துரையைக் கேக்கச் சொன்னாங்க. அங்கேர்ந்தும் அதே பதில். "அந்த மூட்டை வழக்குல இருக்கு. ஒண்ணும் நகரக்கூடாது."

எல்லாத்துலயும் அடிச்சுக்கிட்ட ரெண்டு பேரும் இது ஒண்ணுல ஒத்துப்போனாங்க பாருங்க.

வேற வழி இல்லாம, அண்டை இல்லாமலே தோண்டினாங்க. கப்பல்ல இருக்கிறவன் கண்ணுக்குத் தெரியாம மலைக்கு அந்தப் பக்கம். மம்பட்டியைக் கையால தொடல, தெரியுமா? வெட்டாதேன்னு சொன்னது மம்பட்டியைத்தானே. சிரட்டையாலயும் கையாலயும் அள்ளினாங்களாம். அகலம் ஓர் ஆளு கொள்ளுற அளவு. ஆழம் போகப் போக ஒருத்தர்தான் உள்ள நிக்க முடியும். யாரு எறங்குறது?

"நான் எறங்குறேன்,"னாரு சேகு நெய்னா. "இருட்டுலயும் நெருக்கத்துலயும் தடவித் தடவி எடுக்கிறதுதானே நம்ம தொழிலு. மச்சான், கயிறு இருக்கா?"

"இருக்கு."

"பாத்தியா, ஆமினா ஆடுன்னு நெனக்கல. வாளின்னு நெனச்சிருக்கா."

இடுப்புல கட்டிக்கிட்டு எறங்கினாரு. மேல கலந்தர் கயித்தோட முனையை வலது உள்ளங்கையில ரெண்டு சுத்துச் சுத்தி, காலைப் பரப்பி நின்னாரு. தோணியில நிக்கிற மாதிரியே. விளிம்புக்குக் கிட்ட ஒருத்தனையும் விடல. மத்தவங்க தள்ளித்தான் நின்னாங்க.

உச்சி சாயுற நேரம், கீழேர்ந்து ஒரு கொரல் வந்துச்சாம்.

"மச்சான்! ஈரம்!"

பொறவு கொஞ்ச நேரம் கழிச்சு, "மச்சான்! ஊறுது! இனிப்புத் தண்ணி மச்சான்! தோல்பையை விடு!"

தோல்பையை வேற கயித்துல எறக்கினாங்க. மேல நின்ன ஆளுங்க அழுதாங்களாம். அழுறதுக்குக் கண்ணுல தண்ணி வரலையாம், வாய்மட்டும் அழுதுச்சாம். சேகு நெய்னா கீழ குனிஞ்சு கைக்குழியில ஊறுற தண்ணியைச் சிரட்டை சிரட்டையா அள்ளிப் பையை நெப்ப ஆரம்பிச்சாரு.

அந்த நேரம் பார்த்து வந்தான் காவித்துரை. ஓடி வந்தான். தோண்டிப்போட்ட மண்ணு குவியலாக் கிடக்கிறதைப் பார்த்ததும் அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கையோட கொண்டுவந்த கம்பெனிக் கொடியை அந்தக் குவியல் மேல நட்டான்.

கலந்தர் கயித்தை விடாம, தலையை மட்டும் திருப்பிச் சொன்னாராம், "தொரை, இது கெணறு. கொடி வேணாம். எடுத்துருங்க."

"மண்ணைத் தோண்டியிருக்கீங்க. எங்க ஆளுங்க தோண்டியிருக்கீங்க. வேலை நடக்குது. எனக்கு அது போதும்,"னான் காவித்துரை.

கொடி மலைக்கு மேல தெரிஞ்சுச்சு. கப்பல்லேர்ந்து பார்த்துட்டாங்க. படகு எறங்குச்சு. கப்பல்துரை, துபாஷி, துப்பாக்கியோட சிப்பாய்ங்க. வந்தாங்க. வந்து நம்ம ஆளுங்களை வரிசையா நிக்க வச்சாங்க, பள்ளத்துக்குத் தூரமா. கலந்தர் மட்டும் நகரல.

ரெண்டு துரையும் கெணத்து விளிம்புல நின்னு பேச ஆரம்பிச்சாங்க.

"இது சுரங்கமா?"ன்னு கப்பல்துரை கேட்டான்.

"சுரங்கம்தான். எங்களோடது,"னான் காவித்துரை.

"அப்ப உத்தரவை மீறிட்டீங்க. இந்த நிமிஷமே வேலை நிக்கணும்."

"நிக்காது. எங்க உரிமை."

கலந்தர் கத்தினாராம், வாழ்நாள்ல கத்தாதவர், "அய்யா துபாஷி! இது கெணறுன்னு சொல்லுய்யா! விளிம்புல நிக்க வேணாம்னு சொல்லு! கீழ ஆளு இருக்கு!"

துபாஷி சொன்னான். அதுல குத்தம் இல்ல, ஒழுங்காத்தான் சொன்னான். கப்பல்துரையும் கேட்டுக்கிட்டான். கேட்டுட்டு, "ஆளு இருந்தா மேல இழு,"ன்னான்.

துபாஷி திரும்பி, "இழுய்யா மேல,"ன்னான்.

"சுண்டலை,"ன்னாரு கலந்தர்.

"என்னது?"

"அவரு இன்னும் சுண்டலை. சுண்டாம இழுக்கக்கூடாது."

"யோவ், நீ என்ன கடல்லயா நிக்கிற? மணல்ல நின்னுக்கிட்டு முத்துச்சட்டம் பேசுற! இழு!"

"கயிறு பிடிச்ச எடமெல்லாம் கடல்தான்யா. எனக்கு என்ன தெரியும் கீழ அவரு எப்படி நிக்கிறாருன்னு? சுண்டட்டும். இழுக்கிறேன்."

சாலிம் அரபியில என்னமோ சொன்னாராம். இழுத்துருன்னு சொன்னாரா, பொறுன்னு சொன்னாரான்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியல.

கீழ சேகு நெய்னாவுக்கு மேல நடக்கிறது ஒண்ணும் கேக்கல. பை இன்னும் நெறையல. நெறையாம அவரு சுண்டுவாரா? முப்பது நாக்கு மேல காத்துக்கிட்டுல்ல இருக்கு.

"கீழ என்ன வெட்டுறான்னு பார்க்கணும்,"னு கப்பல்துரை ஒரு அடி முன்னால வச்சான். "பாரு, நல்லாப் பாரு,"ன்னு காவித்துரையும் ஒரு அடி வச்சான். பின்னாலயே சிப்பாய்ங்களும் வந்தாங்க. எல்லாரும் எட்டிப் பார்த்தாங்க.

மண்ணு சரிஞ்சுச்சு.

சத்தம்கூடப் பெருசா இல்லையாம். தானியத்தைக் குதிருல கொட்டுற மாதிரி ஒரு சத்தம். ரெண்டு துரையையும் சிப்பாய்ங்க பின்னால பிடிச்சு இழுத்துட்டாங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. கெணறு இருந்த எடத்துல ஒரு குழிவு. அந்தக் குழிவுல ஒரு கயிறு மண்ணுக்குள்ள போகுது.

அப்ப, கயிறு சுண்டுச்சு.

ஒரு சுண்டு. ஒண்ணே ஒண்ணு.

கலந்தர் இழுத்தாரு. வரிசையில நின்னவங்க துப்பாக்கியைப் பார்க்கல, ஓடிவந்து இழுத்தாங்க. சாலிம் இழுத்தாரு. மலையையே இழுக்கிற மாதிரி இருந்துச்சாம். தென்னங்கயிறு உள்ளங்கையை அறுத்து எலும்பு தெரிஞ்சுச்சாம். ஒரு சாணு வரல. கையால தோண்டினாங்க. ஒரு கை அள்ளினா ரெண்டு கை மண்ணு உள்ள விழுந்துச்சு. கப்பல்துரையும் மண்டிபோட்டு அள்ளினான்னு ஒரு பேச்சு. அள்ளல, கைக்கடியாரத்தைத்தான் பார்த்தான்னு ஒரு பேச்சு. நான் பார்க்கல, ரெண்டையும் சொல்லிட்டேன்.

பொழுது சாயுற வரைக்கும் பார்த்துட்டு, சாலிம் வந்து கலந்தர் தோளைத் தொட்டாராம். தானே கத்தியை எடுத்து மண்ணோரமா கயித்தை அறுத்தாரு. அந்தக் குழிவுக்கு முன்னால வரிசையா நின்னு ஜனாஸா தொழுதாங்க. தோண்டாமலே ஆன கபுருக்குழி அது. எல்லாரையும் அந்தக் கப்பல்லயே ஏத்திட்டாங்க. கப்பல் இல்லைன்னு சொன்னாங்களே, கப்பல் இருந்துச்சு. அதோட அடிவயிறும் செங்காவிதான்.

லண்டன்லயும் பெர்லின்லயும் அந்தக் கெணத்தைப் பத்தி எழுதினாங்களாம். வேலை நடந்ததுக்குச் சாட்சின்னு ஒருத்தன். வேலையை நிறுத்தினதுக்குச் சாட்சின்னு ஒருத்தன். கெணறுன்னு ஒருத்தனும் எழுதல. பொறவு பெரிய சண்டை வந்துச்சு, அதுல அந்த வழக்கை யாருக்கும் ஞாபகம் இல்லாமப் போச்சு. மூட்டையெல்லாம் அங்கயே கிடந்து மழையில கரைஞ்சுச்சாம்.

கலந்தர் ஊருக்கு வந்தாரு. வலது கை மூடினபடி. உள்ளங்கையில அந்த அறுந்த கயிறு. முனை மட்டும் வெளிய தொங்குச்சு. கப்பல்ல வைத்தியன் பார்த்தான், விரல் விரியல. பம்பாயில பார்த்தாங்க, விரியல. அப்படியே வந்து தங்கச்சி முன்னால நின்னாரு.

ஆமினா கயித்தைப் பார்த்தா. அவளுக்கு வேற யாரும் சொல்ல வேண்டியிருக்கல.

"யாரு பிடிச்சா?"

"நான்தான்."

"சுண்டினாரா?"

"சுண்டினாரு."

"இழுத்தியா?"

"இழுத்தேன்."

அப்புறம் அவரா சொன்னாரு, அதைச் சொல்லாம இருந்திருக்கலாம். "அதுக்கு முன்னால, மண்ணு சரியறதுக்கு முன்னால, தொரை இழுன்னு சொன்னான். அப்ப இழுக்கல."

"ஏன்?"

"அப்பச் சுண்டலை."

சட்டப்படி அண்ணன்மேல குத்தம் இல்ல. இல்லாத குத்தத்தை எப்படி மன்னிக்கிறது? ஆமினா உள்ள போய்க் கதவைச் சாத்தினா. புருஷன் போனவ இருக்கிற இத்தா முடிஞ்சு, நாலு மாசத்துக்கு மேல கழிச்சு வெளிய வந்தப்போ ஒரு தட்டுல சோத்தோட வந்தா. அண்ணனுக்கு வலது கை மூடியிருக்கு, இடது கையால சாப்பிட மனசு இல்லாம பாதி நாளு பட்டினி கிடக்கிறாருன்னு கேள்விப்பட்டிருக்கா. உக்காந்து பிசைஞ்சு வாயில ஊட்டினா. அன்னைக்கும் ஊட்டினா, மறுநாளும் ஊட்டினா, அவரு சாகுற வரைக்கும் ஊட்டினா. ஆனா ஒரு வார்த்தை பேசல. ஊட்டுவா, பேசமாட்டா. இவரும் வாயைத் திறப்பாரு, பேசமாட்டாரு. அப்படியே ரெண்டு பேருக்கும் தலை நரைச்சுப்போச்சு.

ஊருக்காரங்க கலந்தரைப் பார்த்துச் சொல்லுவாங்களாம், "நீ சரியாத்தானே செஞ்சே."

"ஆமா, சரியாத்தான் செஞ்சேன்,"ம்பாராம். அதைச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிடுவாராம்.

ஒருநாள் கலந்தர் மவுத்தானாரு. குளிப்பாட்டுறவங்க வந்தாங்க. கை விரியல. உயிர் போன கைதானே, வெந்நீர் ஊத்தினா இளகும்னாங்க. இளகல. ரெண்டு ஆளு சேர்ந்து பிரிச்சுப் பார்த்தாங்க, முடியல. கையில கயித்தோட எப்படிக் கபன் துணி போடுறதுன்னு ஆலிமைக் கேக்க ஆள் அனுப்பினாங்க.

அப்ப ஆமினா உள்ள வந்தாளாம். எல்லாரையும் விலகச் சொன்னா. அண்ணன் தலைமாட்டுல உக்காந்தா. கைக்கு வெளிய தொங்கின கயித்து முனையைப் பிடிச்சா. ஒரு சுண்டு சுண்டினா. ஒண்ணே ஒண்ணு.

"மச்சான் ஏறிட்டாரு, காக்கா. விடு."

கை விரிஞ்சுச்சாம்.

உள்ளங்கையில கயித்தோட முறுக்கு அப்படியே செக்கச்செவேல்னு பதிஞ்சு கிடந்துச்சாம். எவ்வளவோ தண்ணி ஊத்தியும் அது போகல. செங்காவி ஏறினா எறங்காதுன்னு சொல்லுவாங்க. அதோடயே அடக்கினாங்க.

அந்தக் கயித்தை ஆமினா வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனா. அடுத்து ஊர்ல ஒரு நிக்காஹ் வந்துச்சு. எல்லாரும் கூடியிருக்காங்க, ஆமினா அந்தக் கயித்தோட வந்து நின்னா. ஒரு முனையை மாப்பிள்ளை கையில குடுத்தா. ஒரு முனையைப் பொண்ணோட அண்ணன் கையில குடுத்தா.

"இழு,"ன்னா.

அவனுக்கு ஒண்ணும் புரியல. அவன் கடல்ல வளர்ந்த புள்ளை. "மாப்பிள்ளை இன்னும் சுண்டலையே, லாத்தா?"

"அதான் சொல்றேன். இழு."

இழுத்தான். மாப்பிள்ளை குப்புற விழுந்தாரு. கூட்டம் சிரிச்சுச்சு. ஆமினா சிரிக்கல.

அன்னையிலேர்ந்து முனைவலசையில மாப்பிள்ளை சுண்டுறதுக்குக் காத்திருக்கிறதில்ல. அப்படியும் எங்க புள்ளைங்க அக்கரைக்குப் போறாங்க. மச்சான் விசா எடுத்துக் குடுக்கிறான், மச்சான் போறான். போன எடத்துல ஒரு கயிறும் கிடையாது, சுண்டினாலும் இங்க வந்து சேராது. எத்தனையோ பேரு வரல. ஆமினா சொன்னது எதையும் மாத்தல, நான் மாத்துச்சுன்னு சொல்லமாட்டேன். கல்யாணத்துல இழுக்கிறோம், அவ்வளவுதான்.

இப்ப உங்க மாப்பிள்ளை பிடிச்சது புதுக் கயிறு. அந்தப் பழைய கயிறு பள்ளிவாசல் உத்தரத்துல தொங்குது, போறப்பப் பாருங்க. ஒரு முழம்தான் இருக்கும். மிச்சம் அங்க கிடக்கு, செந்தீவு மண்ணுக்குள்ள, அவரு இடுப்புல.

எந்திரிங்க, எலை போட்டுட்டாங்க. மாப்பிள்ளைக்கு அடிபட்டிருந்தா எண்ணெய் தடவச் சொல்லுங்க.